சத்தத்துக்கு ஒரு பாம்பு

பாம்பு தேர்ந்தெடுக்கப் போகும் நாளன்று மாரப்பன் விடியும் முன் பரணில் ஏறினார். பரணின் தரை மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிய தட்டி. சுவரோரமாக அதில் ஓர் ஆள் நீளத்துக்கு அரிவாளால் அறுத்தெடுத்தார். சுருட்டிக் கயிறு போட்டார். காலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பினார்.

கோழிக்கூண்டு கட்டவா என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றார்.

ஐந்து மாதமாக அந்தத் தட்டியின் மேல் ஒரு சத்தம் கேட்டது. விளக்குப் போடும் நேரத்தில் வரும். மூன்று சிறு இழுப்பு. ஒரு நிறுத்தம். பிறகு நீளமாக ஒன்று. கிழக்குச் சுவரில் தொடங்கி அடுப்படிச் சுவரில் முடியும். எலி அல்ல. எலிக்குக் கால் இருக்கிறது. காற்றும் அல்ல. காற்று வந்தால் கூரைத் தகரமும் பேசும். இது வரும்போது மற்றதெல்லாம் சும்மா இருந்தது.

அந்தப் பரணுக்குக் கீழேதான் அவர் மனைவி பாவாயி படுப்பாள்.

வைகாசியில், கக்கூஸ் கட்டுவதற்கு மணல் வந்தது. மலைமேல் குண்டூர் நாட்டில், அவர்கள் ஊர்ப்பக்கம் ஆற்றுமணல் கிடையாது. கீழ்நாட்டிலிருந்து லாரியில் ரோட்டு முனை வரை வந்து, அங்கிருந்து டிராக்டரில் வாசலுக்கு வந்தது. மூன்றாம் நாள் கருக்கலில் பாவாயி எழுந்து உட்கார்ந்து, கழுத்தில் ஏதோ சுருக்கென்றது என்றாள். மாரப்பன் டார்ச் அடித்துப் பார்த்தார். காதுக்குக் கீழே ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை. அவளுக்கு வலியும் இல்லை.

அவர் வாசலுக்கு ஓடினார். மணல் குவியலின் அடியில் ஒரு பாம்பு பாதி உடம்பு வெளியே தெரியக் கிடந்தது. குட்டை. தடிமன். முதுகில் பழுப்புத் திட்டுகள். அந்தச் சாதியை அவர் பார்த்ததில்லை. ஏதோ விரியன் என்று நினைத்தார். மம்பட்டியால் ஒரே அடி.

மலையில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கடித்ததை அடித்துப் பையில் போட்டுக் கடிபட்டவரோடு கொண்டுபோனால், எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சின்னுசாமி ஜீப்பை எடுத்தான். எழுபது வளைவும் இறங்கிக் கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நர்ஸ் பையைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். அவள் கீழ்நாட்டுக்காரி.

"இது மண்ணுளிங்க. எங்க வயக்காட்டுல கெடக்கும். வெசம் கெடையாது."

மணலோடு வந்திருக்கும் என்றாள். டாக்டர் இளம் வயதுக்காரர். பாம்பைப் பார்த்தார். பாவாயியின் கழுத்தைப் பார்த்தார். பிறகு மாரப்பனிடம் கேட்டார்.

"இதுதான் கடிச்சுதா? உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்தார். டாக்டர் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார். பாம்பு கையில் இருந்தது. அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஓர் ஊசி போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அனுப்பிவிட்டார்கள். ஏறும்போது ஜீப்பில் ஒரே சிரிப்பு. கண்ணில் படுகிறவனிடமெல்லாம் இதைச் சொல்லப்போவதாகச் சின்னுசாமி மிரட்டினான்.

"ஏனுங்க, ஒரு புழுவ அடிச்சுப் பையில போட்டுக்கிட்டு இத்தன தூரம் வந்தீங்களா" என்றாள் பாவாயி. "இனி மண்புழு கண்டாலும் ஜீப்பு வெக்கோணும் போல."

முப்பத்தாறாவது வளைவில் அவள் கண்ணைக் கசக்கினாள். கருக்கலிலேயே எழுந்தது, தூக்கம் வருகிறது என்றாள். இமை பாதி மூடியிருந்தது. தூங்கு என்றார் மாரப்பன். அவள் அவர் தோளில் சாய்ந்தாள். மேலே டீக்கடையில் ஜீப் நின்றபோது அவர் அவளை எழுப்பினார். எழுப்பிக்கொண்டே இருந்தார்.

கட்டுவிரியனாக இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். வலிக்காது. வீங்காது. பாயில் படுத்திருப்பவரைத்தான் அநேகமாகக் கடிக்கும். கட்டுவிரியனை மாரப்பனுக்கு நன்றாகத் தெரியும். மலையில் அது உண்டு. ஆனால் அன்று அவர் வீட்டுக்குள் தேடவே இல்லை. வாசலில் ஒன்று கிடைத்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டார்.

*

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தான் பூபதி. முப்பது வயது. வீடுகளில் பாம்பு புகுந்தால் கூப்பிடுவார்கள், போய்ப் பிடித்துக் காட்டில் விடுவான். ஆனி மாதத்தில் சின்னுசாமி அவனை மாரப்பன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். பூபதி பரணிலிருந்த எல்லாவற்றையும் இறக்கினான். சாமை மூட்டை நான்கு. மிளகுச் சாக்கு. பழைய பானைகள். மண்சுவரில் இருந்த ஒவ்வொரு பொந்திலும் டார்ச் அடித்தான், கம்பி விட்டுப் பார்த்தான், பிறகு சேறு குழைத்து அடைத்தான். பாம்பு இல்லை. சட்டை இல்லை. எச்சம் இல்லை.

"ஒன்னுமில்லீங்க" என்றான். "அன்னிக்கே எறங்கிப் போயிருக்கும்."

மறுநாள் சத்தம் வந்தது. ஆடியில் பூபதி இன்னொரு முறை வந்தான். இந்த முறை விளக்குப் போடும் நேரம் வரை மாரப்பனோடு பரணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அன்று வரவில்லை. அவன் போன மறுநாள் வந்தது.

மகள் பூங்குழலியைச் சேந்தமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். வெங்காயம் போடும் குடும்பம். மாதம் ஒருமுறை வந்து போவாள். வருகிற அன்று மட்டும் சத்தம் வராது. ஐப்பசியில் அவள் முடிவாகப் பேசினாள். அப்பாவுக்கு மட்டும் கேட்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அவரை இங்கே தனியே விட்டுப்போக அவளால் முடியாது. தூங்குவதில்லை. பாதி உடம்பாகிவிட்டார். எதிரில் இருக்கிறவரிடம் பேசிக்கொண்டே பரணைப் பார்க்கிறார்.

"தை வரைக்கும் பாக்கறேன்" என்றாள். "அப்பவும் கேக்குதுன்னு சொன்னீங்கன்னா, ஊட்டப் பூட்டிப்போட்டு எங்கூட வந்தரோணும். காடு கரையெல்லாம் சின்னுசாமி பாத்துக்கட்டும்."

சரி என்றார். போக அவருக்கு மனமில்லை. மேட்டில், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு அந்தப்பக்கம், பாவாயியைப் புதைத்திருந்தார்கள். அது ஒரு காரணம். வெளியே சொல்லக்கூடிய காரணம். இன்னொன்றைச் சொல்ல முடியாது. அன்று காலை அந்த வீட்டுக்குள் இருந்தவர்களில் மிச்சம் அவரும் அந்தச் சத்தமும்தான். அதைத் தனியே விட்டுவிட்டுப் போவது அவருக்குச் சரியாகப் படவில்லை.

மகள் போன பிறகு நெடுநேரம் யோசித்தார். வீட்டில் ஒரு பாம்பு இருந்தால் பாம்பு ஓடும் சத்தமும் இருக்கும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒருவேளை அவரே கேட்டுக்கொள்ளாமல் விடலாம்.

பூபதி வீட்டில் பாம்பு வளர்ப்பது அவருக்குத் தெரியும். பரணை இறக்கிய அன்று அவனே சொல்லியிருந்தான். நம் காட்டுப் பாம்பைத் தொட்டால் கேஸ். இவை வெளிநாட்டுச் சாதி, காகிதம் இருக்கிறது. போவா என்று பெயர். விஷமில்லை, சுற்றி நெரித்துத் தின்னும்.

"நம்மூர் மண்ணுளிக்கு ஒன்னுவிட்ட பங்காளிங்க" என்று சொல்லியிருந்தான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

*

பூபதியின் வீட்டில் பின்னறை ஒன்று பாம்புகளுக்கு. ஜன்னல் அடைத்து, பல்பு எரிந்து, உள்ளே சித்திரை மாதம் போலிருந்தது. கண்ணாடி முகப்பு வைத்த மரப்பெட்டிகள் நான்கு. ஒன்று அவன் கொடுப்பதற்கில்லை. மற்ற மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். கையில் எடுத்தால் உடம்பு கெட்டியாக இருக்க வேண்டும், ஈரத்துணி போல் தொங்கக் கூடாது. மூச்சில் கரகரப்பு இருக்கக் கூடாது. கண் தெளிவாக இருக்க வேண்டும். செதிலுக்கு இடையில் உண்ணி இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தின்கிறதா என்று கேட்க வேண்டும். நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. வருகிறவர்கள் அதில்தான் ஏமாறுகிறார்கள்.

மாரப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு தட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தார்.

"இதுல ஒவ்வொன்னா உட்டுக் காட்டு, சாமி."

பூபதி தட்டியைப் பார்த்தான். அது எந்த வீட்டுத் தட்டி என்று அவனுக்குத் தெரிந்தது. அதன் மேல் அவன் முட்டிபோட்டுத் தேடியிருக்கிறான். முதல் பெட்டியைத் திறந்தான்.

முதலாவது இளசு. பளபளப்பாக இருந்தது. தட்டியில் விட்டதும் ஒரே ஓட்டமாக ஓடியது. தகரத்தில் தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம். மாரப்பன் தலையை ஆட்டினார். இல்லை.

இரண்டாவது தொடை கனம். அசையாமல் கிடந்து, பிறகு மூட்டையை இழுப்பதுபோல் ஊர்ந்தது. இடையில் நிற்கவே இல்லை. அதுவும் இல்லை.

மூன்றாவதை எடுக்கப் பூபதி தயங்கினான். அதைத் திருச்சியில் ஒருவர் வாங்கிப்போய் இரண்டே மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்தடி. பெட்டை. ஒல்லி. வால் மட்டும் செங்கல் நிறம். இங்கே வந்து ஒன்பது வாரம் ஆகிறது, எதையும் தின்னவில்லை. இதை யாருக்கும் கொடுக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை.

"உடு, பாக்கலாம்."

மாரப்பன் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று சிறு இழுப்பு. ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் அவர் மூச்சு விடவில்லை. பிறகு நீளமாக ஒன்று.

திரும்பிப் பார்த்தபோது பாம்பு தட்டியின் ஓரத்தில் தலையை வைத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அவரைப் பார்க்கவில்லை, உடம்புச் சூட்டைப் பார்க்கிறது என்றான் பூபதி.

"இதுதான்."

"ஏனுங்க, நாலு பேரு கலரப் பாத்து எடுப்பாங்க, நீளத்தப் பாத்து எடுப்பாங்க. நீங்க என்னடான்னா..." அவன் பாம்பைக் கையில் தூக்கினான். "இது தங்காதுங்க. ஒரு மாசத்துல செத்துருச்சுன்னா உங்க மனசு என்னாகும்? ஏற்கெனவே..."

"இதுதான் சாமி."

பாம்பை அவர் பெயருக்கு மாற்றும் காகிதத்துக்கு எழுதிப் போட்டான். போனிலேயே எல்லாவற்றையும் நிரப்பினான். மாரப்பனின் பெயர், ஊர், பாம்பின் வயது, நீளம். எதற்காக என்று ஓர் இடம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

"ஊட்டுல ஒன்னு இருக்கட்டும்னு" என்றார் மாரப்பன்.

வளர்ப்புக்கு என்று எழுதினான்.

*

காகிதம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கார்த்திகைக் கடைசியில் போய் எடுத்துவந்தார். பூபதி பாம்பைத் தலையணை உறையில் விட்டு முடிந்து கொடுத்தான். குளிர் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னான். பெட்டியும் பல்பும் சாமான் வண்டியில் முன்பே வந்திருந்தன. வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் உறைக்குள் அது இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்ந்தது. அவர் வயிற்றில் அந்தப் பிடி தெரிந்தது. சின்ன வயதில் பூங்குழலி இப்படித்தான் பஸ்ஸில் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வாள்.

பெட்டியைப் பரண் மேலேயே வைத்தார். வீட்டுக்குக் கரண்ட் இருந்தது, பல்புக்கு ஒயர் இழுத்தார். அறுத்தெடுத்த தட்டியை மறுபடி பரணில் பொருத்தவில்லை. அளவுக்கு வெட்டிப் பெட்டிக்குள் அடியில் விரித்தார்.

மறுநாள் விளக்குப் போடும் நேரத்தில் அது ஊர்ந்தது. கீழே உட்கார்ந்து கேட்டார். அதே சத்தம். கிழக்குச் சுவரிலிருந்து பெட்டியின் நீளத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. அவர் ஒரு நாழிகை காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை.

அன்று ஆறு மாதத்துக்குப் பிறகு விடியும் வரை தூங்கினார்.

ஒன்பதாம் நாள் அது தின்றது. குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் கழித்துப்போட்ட சேவல் குஞ்சுகளைப் பூபதி உறைய வைத்துக் கொடுத்திருந்தான். ஒன்றை வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து, பெட்டிக்குள் நீட்டினார். அது பாய்ந்த வேகத்தில் அவர் இடுக்கியை விட்டுவிட்டார். போனில் சொன்னபோது பூபதி நம்பவில்லை.

"பசிச்சிருக்கும்" என்றார் மாரப்பன்.

பூங்குழலியிடமும் சொன்னார். பாம்பு வளர்க்கிறேன் என்றதும் அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். அழுதாள், திட்டினாள். அம்மாவைக் கொன்ற சாதியை வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னாள். இது அந்தச் சாதி இல்லை என்றார். கடைசியில் சத்தம் கேட்கிறதா என்று கேட்டாள்.

"கேக்குது கண்ணு. இந்தப் பாம்புதான்."

"அப்ப முன்ன கேட்டது?"

"எலியா இருக்கும். இப்ப அது இல்ல."

பெட்டி நன்றாகப் பூட்டியிருக்க வேண்டும் என்றாள். தையில் வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

மார்கழி நடுவில் மழையோடு காற்றடித்து லைன் மேல் மரம் விழுந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. பெட்டிக்குள் கை வைத்தால் கிணற்றுச் சுவர் போல் சில்லிட்டது. குளிர்ந்தால் அது தின்றதைக் கக்கும், சளி பிடிக்கும், சாகும் என்று பூபதி எச்சரித்திருந்தான். மாரப்பன் அதை எடுத்துத் தன் வயிற்றோடு சுற்றிவிட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டார். அடுப்புக்கு முன் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அது சூடேறி, தலையைக் கம்பளிக்கு வெளியே நீட்டி அவர் முழங்கையில் வைத்தது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு ஏற்றவில்லை. அப்போது பரணில் சத்தம் வந்தது.

மூன்று சிறு இழுப்பு.

அவர் குனிந்து கம்பளிக்குள் பார்த்தார். முழுதாக இருந்தது. தலையிலிருந்து செங்கல் நிற வால் வரை தடவிப் பார்த்தார்.

நிறுத்தம். பிறகு நீளமான இழுப்பு. அவர் முழங்கையிலிருந்து பாம்பின் தலை மெல்ல எழுந்தது. நாக்கை நீட்டியது. கிழக்குச் சுவரின் மேல்முனையை நோக்கித் திரும்பியது. அங்கிருந்து, சத்தம் போகப் போக, கொஞ்சம் கொஞ்சமாக அடுப்படிச் சுவர் வரை தலை திரும்பிக்கொண்டே வந்தது. அங்கே சத்தம் நின்றது. தலையும் நின்றது.

இத்தனை நாள் அவருக்கு மட்டும் கேட்டது. இப்போது இதற்கும் தெரிகிறது. பயத்தோடு கூடவே ஓர் ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. கரண்ட் வந்தும், விளக்குப் போடும் நேரத்தில் பாம்பைப் பெட்டியில் விடுவதில்லை. தினமும் எடுத்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சில நாள் வரும். சில நாள் வராது. வந்தால் தலை எழும்.

*

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் பூங்குழலி தனியாக வந்தாள். மதியம் வந்து ஆறு மணிக் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவதாகத் திட்டம். கையில் ஒரு பை மட்டும். அதில் அவருக்கு வேட்டியும் கரும்புத் துண்டும். பரணை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பாம்பைக் காட்டட்டுமா என்றபோது, சத்தம் மட்டும் கேட்டால் போதும், முகம் பார்க்க வேண்டியதில்லை என்றாள். அவர் கொஞ்சம் சதை பிடித்திருப்பதைக் கவனித்தாள். வீடு பெருக்கியிருந்தது. சாமை புடைத்து வைத்திருந்தது. அவள் முகம் இளகிக்கொண்டே வந்தது.

நான்கு மணிக்கே மூடுபனி இறங்கி வாசல் மறைந்தது. குளிர் ஏறியது. அவள் அடுப்படியில் காப்பித்தண்ணி வைக்கும்போது மாரப்பன் பாம்பை எடுத்துக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பெட்டியை அப்படியே சாத்திவிட்டு வந்திருந்தார். அவள் பார்க்கவில்லை. மகள் வருகிற அன்று சத்தம் வராது. அது அவருக்குத் தெரியும். வராவிட்டால், பாம்பு தூங்குகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வந்தது.

மூன்று சிறு இழுப்பு. கம்பளிக்குள் உடம்பு ஒருமுறை இறுகியது.

அடுப்படியிலிருந்து பூங்குழலியின் குரல் கேட்டது.

"அப்பா, உங்க பாம்பு கெளம்பிருச்சு. நல்லாத்தான் கேக்குது."

அவர் கம்பளியை இழுத்து மூடினார்.

"ஆமா கண்ணு" என்றார்.

டம்ளர் இரண்டோடு வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் இருந்தது. அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்ததாகச் சொன்னாள். எந்த டாக்டரிடம் கூட்டிப்போவது என்றுகூட வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். இப்போது அவள் காதாலேயே கேட்டுவிட்டாள். பாம்பு பெட்டிக்குள் ஓடுகிறது, அவ்வளவுதான். இதற்குப் போயா.

பிறகு, இன்றைக்கு இங்கேயே தங்கிவிட்டுக் காலையில் போகிறேன் என்றாள். வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்தாள். ஏழு மாதமாக யாரும் விரிக்காத பாய். பரணுக்குக் கீழே, சுவரோரமாக, சரியாக அந்த இடத்தில் விரித்தாள். கையால் தூசி தட்டினாள்.

"அம்மா எடம்" என்றாள். "எத்தன நாளாச்சு இங்க படுத்து."

"இங்க வேண்டாம் சாமி. அடுப்படியில படு."

"ஏம்ப்பா? அதுதான் பெட்டிக்குள்ள இருக்குதே." பாயின் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பிறகு ஏதோ தோன்றி நிமிர்ந்தாள். "பூட்டித்தான இருக்குது? பாத்தீங்களா?"

மாரப்பன் அவளைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிவிட்டிருந்தாள். கழுத்து தெரிந்தது.

பாத்தேன் என்று சொல்ல வாய் திறந்தது. அந்தச் சொல் நாக்கில் தயாராக இருந்தது. கையில் ஒரு பாம்பு இருந்தது. எதிரில் ஒருத்தி பதிலுக்குக் காத்திருந்தாள்.

"பாக்கல" என்றார்.

கம்பளியை விலக்கினார். பூங்குழலி கத்தவில்லை. சுவரோடு ஒட்டி எழுந்து நின்றாள். அவர் வயிற்றில் மூன்று சுற்றாகக் கிடந்ததை, வால் முனையிலிருந்து தலை வரை, கண்ணால் அளந்தாள்.

"இது இங்க இருக்குது கண்ணு. நீ வந்ததுல இருந்து இங்கதான் இருக்குது."

பாம்பின் தலை அவள் பக்கம் திரும்பவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான், அதுவரை வராமலிருந்த அந்த நீளமான இழுப்பு வந்தது. அவள் தலைக்கு மேலே, நிதானமாக, அடுப்படிச் சுவரை நோக்கிப் போனது. அவள் முகமும் அதன் கூடவே திரும்பியது.

*

பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. மாரப்பன் எதையும் எடுக்கவில்லை. மாற்று வேட்டிகூட இல்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். பாயை விரித்தபடியே விட்டார். கதவைப் பூட்டவில்லை, சாத்தவும் இல்லை. உள்ளே இருக்கும் எதற்காவது வெளியே போக வேண்டியிருந்தால் போகட்டும். ரோட்டு முனையில் பஸ் விளக்குகள் மூடுபனிக்குள் மஞ்சளாகத் தெரிந்தன.

ஜன்னலோரம் பூங்குழலி உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில். பாம்பு கம்பளிக்குள் அவர் வயிற்றோடு இருந்தது. இறங்கத் தொடங்கியதும் வளைவுப் பலகைகள் விளக்கில் வந்து வந்து போயின. எழுபது. அறுபத்தொன்பது. ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பளிக்குள் பிடி இறுகித் தளர்ந்தது.

நாற்பது தாண்டியதும் பூங்குழலி கொட்டாவி விட்டாள். கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். பயந்தது, ஓடியது, பஸ்ஸின் சூடு. இமை கீழே வந்தது.

"தூங்காத கண்ணு."

"ஏம்ப்பா?"

"பேசிக்கிட்டு வா."

"என்ன பேச?"

அவரிடம் பேச வேறு எதுவும் இல்லை. முன் சீட்டில் இருந்தவரின் தலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கு டாக்டரு கேட்டாரு. கடிச்சத உங்க கண்ணால பாத்தீங்களான்னு."

அவள் தலையைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள்.

"பாத்தேன்னு சொன்னேன். நான் பாக்கல. வாசல்ல கெடந்துச்சு, அடிச்சேன். எது கடிச்சுதுன்னு நான் பாக்கவே இல்ல."

பஸ் முப்பத்தாறாவது வளைவில் திரும்பியது. பூங்குழலி அவரைப் பார்த்தாள். பிறகு நேராக முன்னால் பார்த்தாள். அவர் பக்கம் சாயவுமில்லை, விலகவுமில்லை.

ஆனால் கண் திறந்திருந்தது. ஒவ்வொரு பலகை வரும்போதும் மாரப்பன் திரும்பி அவள் கண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டார். முப்பத்தைந்து. முப்பத்துநான்கு. முப்பத்துமூன்று.